இரைச்சல் ஒரு பக்கம், ஆபத்து ஒரு பக்கம்

மர வேலை பழக வருகிறவர்கள் கைரம்பத்துக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. டிரில்லை முதல் நாளே கையில் எடுத்துவிடுகிறார்கள். ரூட்டர் என்று வரும்போதுதான் தயக்கம். ஆசைப்பட்டு வாங்கிய இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமலே வைத்திருப்பவர்கள் உண்டு. பட்டறையில் தொழில் கற்க வந்த பையன்களிடமும் இதைப் பார்க்கலாம். இழைப்புளி தள்ளுவார்கள், உளி பிடிப்பார்கள். மைக்கா ஓரம் சீவுகிற சின்ன டிரிம்மரை மேஸ்திரி நீட்டினால் மட்டும் ஒரு எட்டு பின்னால் போய்விடுவார்கள்.

"பயப்படாதே" என்பதுதான் அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற அறிவுரை. அதனால் யாருக்கும் பயம் போனதாகத் தெரியவில்லை. பயப்படுவதில் தப்பும் இல்லை. ரூட்டர் காயம் உண்டாக்கக்கூடிய இயந்திரம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இயந்திரத்தில் நம்மை நடுங்க வைக்கிற விஷயங்களும், நம் விரலையும் காதையும் மூச்சையும் உண்மையிலேயே கெடுக்கக்கூடிய விஷயங்களும் பெரும்பாலும் வேறுவேறு. பயமுறுத்துவது ஆர்ப்பாட்டமாக வருகிறது. கெடுப்பது சத்தமில்லாமல் வருகிறது.

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடலாம். ரூட்டர் மிக எளிய கருவி. ஒரு மோட்டார், அதன் தண்டின் நுனியில் வெட்டும் அலகான பிட்டைக் கவ்விப் பிடிக்கிற கோலெட், கீழே தட்டையான அடித்தட்டு, பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. பல்சக்கரம் எதுவும் கிடையாது. மோட்டாரின் தண்டே பிட்டை நேரடியாகச் சுழற்றுகிறது. உள்ளே இருப்பது யுனிவர்சல் மோட்டார். அடுப்படியில் சட்னி அரைக்கிற மிக்சிக்குள் இருப்பதும் இதே வகைதான். மிக்சி நிமிடத்துக்கு 18,000 முதல் 20,000 சுற்று வரை ஓடும்; ரூட்டர் 24,000 வரை போகும்; கையடக்க டிரிம்மர்களில் 30,000 சுற்று ஓடுபவை உண்டு. வேகத்தில் இரண்டும் பங்காளிகள். மிக்சியில் கத்தி மூடிக்குள் இருக்கிறது, ரூட்டரில் வெளியே நிற்கிறது. காடி எடுப்பது, பலகையின் ஓரத்தை உருட்டுவது, மோல்டிங் அடிப்பது, கீல் பதிக்கப் பள்ளம் பறிப்பது என்று ஒரு காலத்தில் தனித்தனி இழைப்புளிகளும் உளிகளும் செய்த வேலையை இந்த ஒரு கருவி பிட்டை மாற்றி மாற்றிச் செய்துவிடும்.

சுவிட்சைப் போட்டதும் நடப்பவை இரண்டு. காதருகே ஒரு பெரிய அலறல். கூடவே, நின்றிருந்த மோட்டார் சட்டென்று வேகமெடுப்பதால் கருவி கைக்குள் ஒரு திருகு திருகும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், கைக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள பயங்கள் என்று இரண்டைத்தான் சொன்னார்: திடீர்ப் பெருஞ்சத்தம், பிடிமானம் நழுவுவது. 1920-ல் அவரும் ரோசலி ரெய்னரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டினார்கள். அது எலியைத் தொடப் போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் எஃகுக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளிலேயே, சத்தம் இல்லாமல் எலியைக் கண்டாலும் குழந்தை அழத் தொடங்கியது. கொடுமையான பரிசோதனை, இன்று எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு அனுமதி தராது. ஆனாலும் ரூட்டரிடம் நமக்கு என்ன நடக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு எலி எப்படியோ, பழகாத ஒருவருக்கு ரூட்டர் அப்படி. சத்தத்தின் மீதான பயம் கருவியின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

சத்தம் கேட்டுத் திடுக்கிடுவது நம் யோசனைக்குக் கட்டுப்பட்ட செயல் இல்லை. காதில் விழுந்த ஒலி மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதற்குள் கண்ணை இமைக்கவும் கழுத்தையும் தோளையும் குறுக்கவும் வைத்துவிடுகிறது. ஏற்கெனவே பயந்திருக்கும் உடல் இன்னும் பலமாகத் திடுக்கிடும். 1951-ல் உளவியலாளர் ஜட்சன் பிரவுனும் அவருடைய குழுவினரும் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். ஆகவே பயந்துகொண்டே சுவிட்சைப் போடுகிறவரின் கை, பயமில்லாதவரின் கையைவிட அதிகமாகத் துள்ளும். அந்தத் துள்ளலே அடுத்த தடவைக்கான பயத்தைக் கூட்டும். பயந்தவர் பிடியையும் இறுக்குவார். பிடி இறுக இறுகக் கருவியின் அதிர்வு கைக்குள் அதிகமாக ஏறும். மரத்தில் பிட் எப்படி ஓடுகிறது என்பதை உணரும் நுட்பம் குறையும்.

இந்த வட்டத்தை உடைக்க மிக மலிவான வழி, காதுக் கவசம். ரூட்டர் மரத்தை வெட்டும்போது எழும் ஒலி சாதாரணமாக 90 டெசிபெல்லைத் தாண்டும், 100-ஐத் தொடுவதும் உண்டு. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு, 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல்லுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். காதுக் கவசத்தைச் செவியைக் காப்பதற்கான பொருளாக மட்டும் நினைக்கிறோம். பயத்தைக் குறைக்கிற முதல் கருவியும் அதுதான். அதைப் போட்டுக்கொண்டு அதே ரூட்டரை இயக்கிப் பாருங்கள். அலறல் அடங்கி ஒரு சீரான ரீங்காரம் மட்டும் கேட்கும். கை தானாகத் தளரும். சாஃப்ட் ஸ்டார்ட் வசதி உள்ள ரூட்டராக இருந்தால் தொடக்கத் திருகலும் இல்லை. மோட்டார் மெல்ல மெல்ல வேகமெடுக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வசதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நல்லது.

அடுத்தது வேகம். 24,000 சுற்று என்றதும் கண்ணுக்குத் தெரியாத அசுர வேகம் ஒன்று மனதில் வந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மி.மீ. விட்டமுள்ள பிட் நொடிக்கு 400 தடவை சுழல்கிறது. அதன் வெட்டு விளிம்பு நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. போகிறது. நகரப் பேருந்தின் வேகம்தான். இரண்டு விளிம்புள்ள பிட் நொடிக்கு 800 சீவல் எடுக்கும். நிமிடத்துக்கு 3 மீட்டர் வீதம் ரூட்டரை நகர்த்தினால் ஒவ்வொரு சீவலும் 0.06 மி.மீ. கனம், ஏறக்குறைய தலைமுடியின் கனம். ரூட்டர் மரத்தைப் பிய்ப்பதில்லை. மயிரிழை மயிரிழையாகச் சீவுகிறது. வேகம் அதிகம் என்பதாலேயே ஒவ்வொரு கடியும் சிறிதாக இருக்கிறது, வெட்டு வழவழப்பாக வருகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. திறனை வேகத்தால் வகுத்தால் விசை கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். 1,000 வாட் ரூட்டர் தன் திறன் முழுவதையும் அந்த 12 மி.மீ. பிட்டின் விளிம்பில் செலவிட்டால்கூட, சீராக வெட்டும்போது அங்கே உண்டாகிற விசை ஏழு கிலோ எடைக்கு உள்ளேதான். திறனில் ஒரு பங்கு மோட்டாரில் வெப்பமாக வீணாகிவிடுவதால் நடைமுறையில் இன்னும் குறையும். இரண்டு கைகளால் தாங்க இது பெரிய பாரமில்லை. பிட் மரத்தில் சிக்கிக்கொண்டால் கணக்கு மாறிவிடும். மோட்டாருக்குள் சுழன்றுகொண்டிருந்த பாகத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் கைக்கு வரும். ஒரேயடியாக ஆழமாக வெட்டாமல், ஒரு தடவைக்கு 3 மி.மீ. என்று படிப்படியாக இறக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் கணக்குகளில் ஆறுதல் தராதது ஒன்று உண்டு. கண்ணால் பார்த்த ஒன்றுக்குக் கை எதிர்வினை செய்ய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் பிட் 80 சுற்று சுற்றிவிடும். ஏதாவது நடந்தால் கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு ரூட்டரிடம் செல்லாது. ஓடும் ரூட்டரிடம் நாம் செய்யக்கூடியது குறைவு. பாதுகாப்பு முழுவதும் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. பயத்தின் பேச்சைக் கேட்க வேண்டிய நேரமும் அதுதான்.

அப்படிக் காது கொடுத்தால், பயம் நம்மிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தப் பக்கமாக நகர்த்தப் போகிறாய்? ரூட்டர் விபத்துகளைப் பற்றிப் பேசும்போது நான் மற்ற எதையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்குவேன். கையில் பிடித்த ரூட்டரை மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுழல்கிறது. பலகை உங்களுக்கு முன்னால் இருக்கிறது, உங்களை ஒட்டிய ஓரத்தை உருட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மரத்தைத் தொடும் இடத்தில் பிட்டின் விளிம்பு இடமிருந்து வலமாகப் போகிறது. மரம் அதைத் தடுக்கிறது. அந்தத் தடையால் ரூட்டர் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. நீங்கள் இடமிருந்து வலமாக நகர்த்தினால் அந்தத் தள்ளலை எதிர்த்துப் போகிறீர்கள். கையில் ஒரு நிதானமான தடை தெரியும், வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். மாறாக வலமிருந்து இடமாக நகர்த்தினால், நீங்கள் தள்ளும் திசையும் மரம் தள்ளும் திசையும் ஒன்றாகிவிடும். பிட் மரத்தின் மேல் சக்கரம்போல் உருண்டு ஓடப் பார்க்கும், ரூட்டர் கையை இழுத்துக்கொண்டு பாயும். "மெஷின் இழுத்துடுச்சு" என்று பட்டறையில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இயந்திரத்துக்கு வெறி பிடிக்கவில்லை; திசை மாறியிருக்கிறது.

நினைவில் வைக்க ஒரே விதி போதும். ரூட்டர் போகும் திசையைப் பார்த்து நின்றால், வெட்டப்படும் மரம் அதன் இடப்பக்கம் இருக்க வேண்டும். பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றி வந்தாலும், நடுவில் வெட்டிய ஓட்டையின் உள் ஓரத்தைச் சுற்றினாலும் இதே விதிதான். பலகையின் நடுவே காடி எடுக்க, அடித்தட்டு உரசிப் போவதற்கு ஒரு நேர்கட்டையை கிளாம்ப் போட்டு வைப்போம் அல்லவா, அந்தக் கட்டையும் இடப்பக்கமே இருக்க வேண்டும். அப்போது மரத்தின் தள்ளலே ரூட்டரைக் கட்டையோடு ஒட்டி வைக்கும். ரூட்டரைத் தலைகீழாக மேசையில் பொருத்தினால் சுழற்சியும் தலைகீழாகத் தெரியும் என்பதால், அங்கே மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும்.

பெரிய பிட்டுகளுக்குத் தனி மரியாதை வேண்டும். 50 மி.மீ. பிட்டை அதே 24,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் போகும். விளிம்பைப் பிய்த்தெறியப் பார்க்கும் மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 24,000-லிருந்து 10,000 சுற்றுக்கு இறக்கினால் அந்த விசை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ரூட்டரின் தலையில் இருக்கிற வேகக் குமிழ் இதற்காகத்தான். வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லாத ரூட்டரில் பெரிய பிட்டைப் போடவே கூடாது.

இனிச் சத்தமில்லாத ஆபத்துகள். பிட்டின் தண்டு கோலெட்டுக்குள் போதுமான ஆழம் போயிருக்கிறதா? அடிவரை இறக்கி, பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கி முடுக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் முடுக்கும்போது கோலெட் சரியாகக் கவ்வாது. தண்டில் ஒட்டிய பிசினும் தூசியும் அதே கெடுதலைச் செய்யும். பிட் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சில நொடிகள்தான் ஆகும். சுவிட்சை நிறுத்திய பிறகும் பிட் சில நொடிகள் சுழன்றுகொண்டிருக்கும். சத்தம் அடங்கிவிட்டதால் மனம் தளர்ந்து, தொடை மேலோ காலருகிலோ இறக்குகிற அந்தக் கணம் மோசமானது. மோட்டாரைத் தூண்களில் ஏற்றி இறக்கும் பிளஞ்ச் ரூட்டர் இருந்தால் ஆழப் பூட்டைத் தளர்த்தியதுமே ஸ்பிரிங் பிட்டை அடித்தட்டுக்கு மேலே தூக்கிவிடும். தொடங்குகிறவருக்கு நான் இந்த வகையைத்தான் சிபாரிசு செய்வேன்.

இரண்டு கையும் இரண்டு கைப்பிடியிலும் இருக்கும்வரை விரல் பிட்டுக்குப் பக்கத்தில் போக வழியே இல்லை. விரல் போவது எப்போது என்றால், ஒரு கையில் டிரிம்மரையும் மறு கையில் பலகையையும் பிடிக்கும்போது. நம் ஊர் பிளைவுட் வேலைகளில் தினமும் காணக்கூடிய காட்சி இது. கிளாம்ப் போட ஒரு நிமிடம் செலவழிக்க மனமில்லாமல் விரலைப் பணயம் வைக்கிறார்கள். தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். கயிற்றைக் கழற்ற மனமில்லாதவர்கள் இறுக்கமான முழுக்கைக்குள் செருகிக்கொள்ளலாம். கையுறை வேண்டாம், அது காப்பதற்குப் பதிலாகப் பிட்டில் மாட்டி விரலை இழுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட அமைதியாக வருவது தூசி. இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலி செய்வதற்குப் பெயர் பெற்றிருந்த ஊர். அங்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு, 1960-களில் ஒன்றைக் கவனித்தார். மூக்கறையில் வரும் மிக அரிதான ஒரு புற்றுநோய், மரச்சாமான் தொழிலாளர்களிடம் மறுபடி மறுபடி தென்பட்டது. 1968-ல் அவரும் டொனால்ட் ஆச்சிசன் முதலானோரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, மரத்தூசிக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டியது. 1995-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. ரூட்டர், அதிலும் எம்.டி.எஃப். பலகையில் ஓடும் ரூட்டர், மாவு போன்ற தூசியைக் கிளப்புகிறது. அலறும் மோட்டாரைக் கண்டு பின்வாங்குகிற அதே பையன், முகத்தில் எதுவும் கட்டாமல் அந்தத் தூசிக்குள் நாள் முழுக்க நிற்கத் தயங்குவதில்லை. தூசி பயமுறுத்துவதில்லை என்பதுதான் காரணம்.

ஆபத்துகள் தெரிந்தாகிவிட்டது. ஆனால் தெரிந்துகொண்டதால் மட்டும் கை நடுக்கம் நிற்காது. எலிப் பரிசோதனை செய்த அதே வாட்சனின் வழிகாட்டலில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர் எதிர்த்திசையில் ஒரு கேள்வி கேட்டார்: வந்த பயத்தைப் போக்க முடியுமா? பீட்டர் என்று அவர் குறிப்பிடும் குழந்தைக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முயலைக் கண்டால் பயம், பஞ்சைக் கண்டாலும் பயம். குழந்தை தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டை அறையின் தொலைவில் வைத்து, அவன் அழாத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் அருகே கொண்டுவந்தார். பயமில்லாத பிள்ளைகள் முயலோடு விளையாடுவதையும் பார்க்கவிட்டார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்க பீட்டரே அனுமதித்தான். 1924-ல் இது வெளியானது. 1969-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் உடன் ஆய்வாளர்களும், பாம்புக்கு நடுங்குகிறவர்களிடம் பல முறைகளை ஒப்பிட்டார்கள். திரைப்படம் பார்ப்பதையும் அமர்ந்தபடி மனதில் கற்பனை செய்து பழகுவதையும்விட, ஒருவர் செய்துகாட்டிக் கூடவே இருந்து செய்யவைப்பதுதான் அதிகம் பலித்தது. ரூட்டர் காணொளிகளை மணிக்கணக்கில் பார்த்தும் பயம் குறையவில்லை என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ரூட்டரிடம் அந்தப் படிகள் இப்படி அமையும். முதல் நாள் பிளக்கைச் செருகவே வேண்டாம். கோலெட்டைக் கழற்றிப் பூட்டுங்கள். மோட்டாரை இறக்கி ஏற்றுங்கள். ஓடாத ரூட்டரைப் பலகையின் ஓரத்தில் முழுச் சுற்று நகர்த்திப் பாருங்கள். ஓரத்துக்கு வரும்போது அடித்தட்டில் பாதிதான் மரத்தின் மேல் இருக்கிறது, மூலையில் கால்வாசிதான் என்பது அப்போது கைக்குத் தெரியும். மரத்துக்கு மேலிருக்கிற கைப்பிடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதும் யாரும் சொல்லாமலே புரியும். ஒயர் எங்கே இடறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து, காதுக் கவசமும் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டு, பிட் அடித்தட்டுக்கு மேலேயே இருக்கும்படி வைத்து, வெறுமனே ஓட்டி நிறுத்துங்கள். உடல் துள்ளாத வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். அவசரம் எதுவும் இல்லை.

பிறகு 6 மி.மீ. நேர்பிட், மேசையோடு இறுகக் கட்டிய ஒரு மென்மரத் துண்டு, இடப்பக்கம் நேர்கட்டை, 2 மி.மீ. ஆழம். ரூட்டர் முழு வேகம் எடுத்த பிறகே பிட்டை மரத்தில் இறக்க வேண்டும். ஒலி சற்றே தாழ்ந்து நிலைபெறும். ரொம்பத் தாழ்ந்தால் வேகமாகத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். காடியின் சுவர் பழுப்பேறிக் கருகல் வாடை வந்தால், தயங்கி ஒரே இடத்தில் நிற்கிறீர்கள், அல்லது பிட் மழுங்கியிருக்கிறது. வெளியே வருவது சிறு சுருள்களாகவும் துகள்களாகவும் இருந்தால் சரி. வெறும் மாவாக இருந்தால் பிட் வெட்டாமல் உரசுகிறது. பயந்தவர்கள் மெதுவாகப் போவதே பாதுகாப்பு என்று நினைத்து நிறுத்தி நிறுத்திப் போகிறார்கள். ரூட்டருக்கு நிற்காத, சீரான நடைதான் வேண்டும். அந்த நடை கைக்கு வந்த பிறகு ஓரம் உருட்டும் பேரிங் பிட்டுக்குப் போகலாம். ரூட்டர் மேசை அதற்கும் பிறகு. அங்கே மரத்தைப் பிடித்த விரல்கள் பிட்டை நோக்கிப் போகின்றன என்பதால் தள்ளுகட்டை இல்லாமல் தொடங்கக் கூடாது.

சில மாதம் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் பழைய நடுக்கம் தலைகாட்டும். பயம் அழிந்துபோவதில்லை, அதன் மேல் புதுப் பழக்கம் ஒன்று படிகிறது என்பதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் காலத்திலிருந்தே அறிவியல் அறிந்திருக்கிறது. ஒரு படி கீழே இறங்கித் தொடங்கினால் போதும். நடுக்கம் போகாத நாளில் வேலையை ஒத்திவைப்பதிலும் குறைவில்லை. தூக்கம் கெட்ட நாளில், வாடிக்கையாளர் வாசலில் நின்று அவசரப்படுத்துகிற நாளில், அனுபவசாலிகளும் ரூட்டரைத் தொடாமல் இருப்பது நல்லது.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த பையனின் கையில் டிரிம்மரைக் கொடுக்கும் நாளில், அவனுக்கென்று ஒரு காதுக் கவசம், ஒரு கண்ணாடி, தூசியை வடிகட்டும் நல்ல முகக்கவசம், இரண்டு கிளாம்ப் வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் நின்று ஒரு காடி எடுத்துக் காட்டிவிட்டு, அடுத்ததை அவனை எடுக்கவிடுங்கள். அவன் ஏன் பயப்படுகிறான் என்று கேட்டு, அவன் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் பட்டறையில் சரிசெய்ய வேண்டிய ஏதாவது ஒன்று அதில் இருக்கும்.